வீட்டுக்கு ஒரு வியாதி

செம்பட்டியில் என் நாத்தனார் வீட்டில் எனக்குச் சர்க்கரை. குஜிலியம்பாறையில் என் அண்ணன் வீட்டில் தைராய்டு. ஒட்டன்சத்திரத்தில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ரத்தக்கொதிப்பு. திண்டுக்கல்லில் என் சொந்த வீட்டுக்குள் மட்டும்தான் எனக்கு உண்மையாக இருக்கிற வியாதி. அதன் பெயர் எச்.ஐ.வி. எனக்கும் இருக்கிறது, என் கணவருக்கும் இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் சண்டையை நாங்கள் பல வருஷத்துக்கு முன்பே போட்டு முடித்துவிட்டோம். மறுபடி போட இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை.

இந்த மூன்று பொய்யும் திட்டம் போட்டுச் சொன்னவை அல்ல. மாத்திரை சாப்பிடுகிறவள் என்றைக்காவது மாட்டத்தான் செய்வாள். நாத்தனார் ஒருநாள் என் பையில் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, உனக்குமா சக்கரை?" என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அதைக் கெடுக்க மனசில்லாமல் ஆமாம் என்றேன். அண்ணன் மனைவி பார்த்தபோது தைராய்டு வாயில் வந்தது. சம்பந்தியம்மாள் கேட்டபோது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பதற்றத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்ததால் ரத்தக்கொதிப்பு என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்துக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

பொய்யைச் சொல்வது சுலபம், அதைச் சாப்பிடுவதுதான் கஷ்டம். செம்பட்டி போனால் சர்க்கரை இல்லாத காபி. சிறுமலை வாழைப்பழம் சீப்பாகத் தொங்கும், எனக்கு மட்டும் கிடையாது. அண்ணன் வீட்டில் தைராய்டுக்கு ஆகாது என்று எவரோ சொன்னதால் முட்டைக்கோஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஊறுகாயும் அப்பளமும் என் இலைக்கு வராது. ஆனால் அந்த வீட்டில் ஒரு வசதி உண்டு. எனக்குக் கோபம் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று நினைத்து யாரும் என்னிடம் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அந்த வியாதி மட்டும் எனக்குப் பிடித்துப்போனது.

எங்களுக்கு இது வந்தது மகள் பிறந்து வெகுகாலம் கழித்துத்தான். அவளுக்கு ஒன்றும் இல்லை, பரிசோதித்துப் பார்த்தாயிற்று. அவளிடம் சொல்லவும் இல்லை. பள்ளிக்கூடம் முடியட்டும் என்றோம், காலேஜ் முடியட்டும் என்றோம், கல்யாணம் முடியட்டும் என்றோம். சொல்வதாக இருந்தால் நான்தான் சொல்வேன் என்று என் கணவரிடம் வாக்கு வாங்கியிருந்தேன். அவர் தேங்காய் மண்டியில் வேலை பார்க்கிறவர். எதைச் சொன்னாலும் இரண்டாக உடைத்த மாதிரிதான் சொல்வார். அந்தப் பொறுப்பை அவரிடம் விட எனக்குத் தைரியம் இல்லை.

மறதி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். மறந்துவிட்டது என்றேன். அவர் சிரிக்காததால் பிறகு ஒழுங்காகப் பதில் சொன்னேன். நான் வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். முதலில் மாவில்தான் வெளிப்பட்டது. ஒருநாள் உப்பு இரண்டு தடவை விழுந்தது, இன்னொரு நாள் விழவே இல்லை. பக்கத்துத் தெரு வாடிக்கைக்காரி வந்து மாவை வாங்கினால் உப்பு இலவசமா என்று கேட்டாள். தண்ணீர் மாறிவிட்டது என்றேன். திண்டுக்கல்லில் தண்ணீர் மேல் பழி போட்டால் மறுபேச்சு பேச ஆள் கிடையாது.

அப்புறம் எந்த வீட்டில் என்ன வியாதி என்பது குழம்ப ஆரம்பித்தது. அதனால் என் கணவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சொந்தக்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சொல்வதுபோல மெல்லச் சொல்வார். செம்பட்டியில் "சக்கரை." குஜிலியம்பாறையில் "தைராய்டு." நான் தலையாட்டிவிட்டு உள்ளே போவேன். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது.

நாத்தனார் வீட்டில் கெடா வெட்டு ஒன்றுக்குப் போனபோதுதான் அது கவிழ்ந்தது. என் கணவருக்கு மண்டியில் லோடு ஏற்றும் வேலை இருந்ததால் நான் மட்டும் முதல் பஸ்ஸில் போனேன். விருந்து முடிந்த கையோடு ஒரு சின்னப்பிள்ளை பாயசம் கொண்டுவந்து வைத்தது. குடித்தேன். நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். தலையை நிமிர்த்தினால் நாத்தனார் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை, ஏலக்காய் தூக்கலாக இருக்கிறது மதினி என்று பாராட்டினேன். கரைய வேண்டும் என்று சொல்லி, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தென்னந்தோப்பைச் சுற்றி நடக்கவைத்தார். தின்ற கறிச்சோற்றோடு வெயிலில் நடந்தேன். இவ்வளவு பாசமான ஆளிடம் எதற்குப் பொய் சொன்னோம் என்று தோன்றியது. நாலு சுற்று முடிவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன். அன்றைக்கு நடந்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பாயசத்துக்காக இல்லை. மறந்தது வெறும் சர்க்கரை. இன்றைக்குப் பொய்யை மறந்தவள் நாளைக்கு, உண்மையைச் சொல்லக்கூடாது என்பதை மறந்துவிட்டால் என்ன செய்வது? அப்போது மகள் முழுகாமல் இருந்தாள். தை மாசம் ஒட்டன்சத்திரத்தில் வளைகாப்பு வைத்துவிட்டு, தலைப்பிரசவத்துக்கு அவளை நாங்கள் அழைத்துவர வேண்டும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் அனுப்பமாட்டார்கள். அனுப்பாமல் விட்டாலும் பரவாயில்லை, பிறக்கிற பிள்ளையை என் கையில் கொடுக்கவே மாட்டார்கள். தூக்கினால் வராது, ஊட்டினால் வராது என்று நான் யார் யாருக்குப் பாடம் எடுக்க முடியும்?

அதற்கு அடுத்து மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி போன அன்று, போன தடவை கொடுத்த டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். தீர்ந்திருக்க வேண்டிய டப்பாவில் நிறைய மாத்திரை கிடந்தது. சிக்கனமாக இருக்கிறேன் என்றேன். டாக்டர் இளவயசுப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். நகைச்சுவையில் அவருக்கு நாட்டம் இல்லை. ஆடியிலிருந்து கார்த்திகை வரை பல ராத்திரி மாத்திரை போடாமலே போட்டதாக நினைத்துப் படுத்திருக்கிறேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், பல வருஷமாக அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி தலைதூக்கியிருந்தது. மறதியால் மாத்திரை போடவில்லை, மாத்திரை போடாததால் மறதி கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டு விளையாடியிருக்கின்றன.

டாக்டர் மூன்று சொல் சொல்லி மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். வாழைப்பழம் வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று, அது சிறுமலைப் பழமா நாட்டுப்பழமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பக்கத்தில் இருந்த என் கணவர் மற்ற இரண்டையும் சைகையில் காட்ட முயன்றதில், அவருக்கும் ஒன்றுதான் ஞாபகம் இருந்தது என்பது தெரிந்துபோயிற்று.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றதும் தாலி, தோடு, மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மெஷினுக்குள் என் பழைய கிரைண்டர் கல் தட்டுகிற மாதிரி ஒரே சத்தம். வெளியே வந்தபோது இவர் தாலியை இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். அவரே கழுத்தில் போட்டுவிட்டார். வயசான காலத்தில் இரண்டாம் கல்யாணமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்து தோட்டை எடுத்து நீட்டினார்.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் விளக்கினார். மூளைக்கு வாசலில் ஒரு காவல் இருக்கிறதாம். ரத்தத்தில் வருகிற எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. நல்லதுக்கு வருகிற மருந்தைக்கூடக் கொஞ்சம்தான் விடும். ஆனால் இந்தக் கிருமி, எங்களுக்கு வியாதி இருப்பதே தெரியாமல் இருந்த காலத்திலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நல்ல காவல்காரன்தான் என்றேன். மூளையின் நடுவில் நீர் இருக்கும் குழிகள் கொஞ்சம் அகலமாகி, சுற்றியுள்ள சதை சற்று மெலிந்திருந்தது. புதிதாக நடப்பதைப் பிடித்து வைக்கிற இடம் என்று சுண்டுவிரல் அளவில் ஒன்றைக் காட்டினார். கடல்குதிரை மாதிரி இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே வைத்திருக்கிறார்களாம். அதுவும் சின்னதாகியிருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்தவள் தலைக்குள் கடல்குதிரை வைத்திருந்தால் அது இளைக்காமல் என்ன செய்யும்?

இது பைத்தியம் இல்லை என்றார். எல்லாருக்கும் வருவதும் இல்லை. மருந்து ஒழுங்காகப் போட்டால் இந்த மாசங்களில் கூடிய மறதி குறையும், பழைய தழும்பு அப்படியே இருக்கும். இன்னும் மோசமாகாது என்று சத்தியம் செய்து தருவீர்களா என்று கேட்டேன். முடியாது என்றார், முகத்துக்கு நேரே. அதனால்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. போன மாசங்களில் நடந்தவை திரும்ப ஞாபகம் வருமா என்றும் கேட்டேன். பிடித்து வைக்காமல் போனது திரும்ப வராது என்றார். மாவில் உப்புப் போட்ட ஞாபகம்தானே, போனால் போகட்டும் என்றேன். மகளிடம் சொல்லியாயிற்றா என்று அவர் கேட்டதற்கு, இன்னும் இல்லை, வளைகாப்பு முடியட்டும் என்றேன்.

அன்றிலிருந்து மாத்திரை காலையில். இவர் கையில் கொடுத்து, நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் மண்டிக்குக் கிளம்புவார். தைக்குள் எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மாவில் உப்பு சரியாக விழுந்தது. வாடிக்கைக்காரி தண்ணீர் மறுபடி மாறிவிட்டதா என்று கேட்டாள்.

வளைகாப்புக்கு வேன் பிடித்துப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. மகள் கல்யாணத்தில் ஓடியாடியதில் நான் பந்தியில் உட்காரவே இல்லை; மூன்று வீட்டோடும் ஒரே பந்தியில் நான் உட்காரப்போவது இதுதான் முதல் தடவை. மண்டப வாசலில் இவர் என்னத்தைச் சொல்வார்? செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். "பேசாம இரு" என்று மட்டும் சொன்னார்.

பெண்கள் கூட்டத்துக்குள் அவர் வரமுடியாது. மகளுக்கு எல்லாரும் வளையல் போட்டு முடித்து, சந்தனம் பூசிய கன்னத்தோடு அவளை நடுவில் உட்காரவைத்துப் பந்தி தொடங்கியது. ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் அண்ணன் மனைவி, எதிரே சம்பந்தியம்மாள் பரிமாறிக்கொண்டு வருகிறார். என் இலையில் விழுந்த சர்க்கரைப் பொங்கலை நாத்தனார் சொந்த உரிமையோடு தன் இலைக்கு வழித்துக்கொண்டார். அவருக்கும் சர்க்கரை என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கோஸ் பொரியலை அண்ணன் மனைவி எடுத்தார். ஊறுகாயையும் அப்பளத்தையும் சம்பந்தியம்மாள் எட்டி எடுத்தார். என் இலையில் தயிர்சாதம் மட்டும் இருந்தது. மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

பேச்சு ஆரம்பித்தது. சக்கரைதானே என்று ஒருவர், தைராய்டு அல்லவா என்று ஒருவர், எங்களிடம் பிரஷர் என்றார்களே என்று ஒருவர். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சம்பந்தியம்மாள் கரண்டியை வாளியில் வைத்தார். கெட்டவர் இல்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, இத்தன நோவ வெச்சுக்கிட்டு புள்ளத்தாச்சிய எப்படிங்க பாத்துக்குவீங்க? பிரசவம் இங்கயே வெச்சுக்கலாமுங்க. நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

எந்த உண்மை தெரிந்தால் மகளை அனுப்பமாட்டார்கள் என்று பயந்தேனோ, அது யாருக்கும் தெரியவில்லை. அதை மறைக்கச் சொன்ன மூன்று பொய்யும் ஒன்றாகச் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிட்டன. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஊறுகாய் காரம் என்று சொல்லலாம் என்றால் இலையில் ஊறுகாயும் இல்லை.

மகள்தான் பேசினாள். முழங்கை வரை வளையல் குலுங்க, சிரித்துக்கொண்டே பேசினாள்.

"அத்தே, எங்க அம்மாவுக்குச் சக்கரையும் இல்ல, தைராய்டும் இல்ல, பிரஷரும் இல்ல. அம்மாவுக்கு மறதி. மாத்திரையும் அதுக்குத்தான். மறதின்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுலயும் வாய்க்கு வந்ததச் சொல்லி வச்சிருக்காங்க. நான் டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன், பயப்பட ஒன்னும் இல்ல. அம்மா எனக்குச் சோறு போடட்டும், நான் அம்மாவுக்கு ஞாபகப்படுத்துறேன். நான் போயிட்டு வாரேன் அத்தே."

பந்தியே சிரித்தது. சம்பந்தியம்மாளும் சிரித்துவிட்டுச் சரி கண்ணு என்றார். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் எனக்காகத் தனியாகக் காபி போட்டதற்கு என்ன பதில் என்று கேட்டார். அண்ணன் மனைவி, கோஸ் இல்லாமல் வளர்ந்த தன் பிள்ளைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டார். நான் வீடு வீடாகக் கட்டிக் காத்ததை இவள் ஒரே பொய்யால் இடித்துவிட்டு, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே வியாதியைக் கொடுத்துவிட்டாள். அதில் பாதி உண்மையும் இருந்தது. என்னைவிடக் கெட்டிக்காரி.

ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன் என்கிறாளே, எந்த டாக்டர்? என்ன கேட்டாள்? பட்டுப்புடவையை மாற்ற அவள் உள்அறைக்குப் போனபோது பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். இனித் தள்ளிப்போட்டால் என்னால் முடியாது என்று தோன்றியது. கட்டிலில் உட்காரவைத்து, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வியாதியின் பெயர், வந்த காலம், அப்பாவுக்கும் இருப்பது, அவளுக்கு இல்லாதது, பிறக்கப்போகிற பிள்ளைக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்பது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இடையில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகம் மாறவும் இல்லை.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன்டி, நான் இம்புட்டுச் சொல்றேன், ஒனக்கு அழுகை வரலியா?"

"மொதத் தடவ அழுதேன்மா."

எனக்குப் புரியவில்லை.

"ஆடிக்கு வந்தப்ப சொன்ன. தீபாவளிக்கு வந்தப்ப மறுபடியும் சொன்ன, புதுசா சொல்ற மாதிரியே. ஏற்கெனவே சொல்லிட்டம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. நானும் புதுசா கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டேன். அப்பறந்தான் ஒன் டாக்டரப் போயிப் பாத்தேன். அப்பாகிட்டகூடச் சொல்லல."

எத்தனை வருஷம் அந்த நேரத்தை நினைத்துப் பயந்திருக்கிறேன். எப்படிச் சொல்வது, என்ன சொல் எடுப்பது, அவள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று எத்தனை ஒத்திகை. அந்த நேரம் வந்திருக்கிறது, போயிருக்கிறது. நான் அங்கே இருந்திருக்கிறேன். என் பிள்ளை என் முன்னால் அழுதிருக்கிறாள். எனக்கு அது இல்லை. மாவில் உப்பு என்று டாக்டரிடம் அலட்சியமாகச் சொன்னது ஞாபகம் வந்து, அப்போதுதான் நான் சத்தமாக அழுதேன்.

அவள் முதுகைத் தடவிவிட்டாள். கேலியும் செய்தாள். முதல் தடவை தலையும் இல்லை காலும் இல்லை, இரண்டாவது தடவை பரவாயில்லை, இந்தத் தடவைதான் தெளிவாகச் சொன்னாய் என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"இதையும் நான் மறந்துட்டா?"

"மறுபடி சொல்லு. கேக்குறேன்."

மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆடியில் நான் சொன்னபோது என்ன நடந்தது என்று கேட்டேன். எங்கே வைத்துச் சொன்னேன், நீ என்ன சொன்னாய், நான் என்ன செய்தேன். அவள் சொன்னாள். நான் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேனாம். அவள் அழ ஆரம்பித்ததும் மாவுக் கையோடு அவள் முகத்தைத் துடைத்தேனாம். கன்னமெல்லாம் மாவு. கல்லில் தோசை கருகிப் புகை வந்தும் இரண்டு பேரும் நகரவில்லையாம். விட்டுப் போய்விடுவாயா என்று நான் கேட்டேனாம். எங்கே போவேன், பசிக்கிறது, வேறு தோசை ஊற்று என்று சொன்னாளாம். நான் ஊற்றிக் கொடுத்தேனாம், அவள் சாப்பிட்டாளாம்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. நேரமாகிறது என்று இவர் கூப்பிட்டார்.

"செத்த நேரம் இருங்க" என்று கதவு வழியாகச் சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பினேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன். "மொதல்லருந்து சொல்லு."